லீவுக்கு ஒரு தேதி

கடைசிக்காலப் பராமரிப்பு இல்லத்தில் அப்பாவைச் சேர்த்த மூன்றாம் நாள்தான் அண்ணன் வந்தான். அவனுக்கு முன்னால் அவன் சென்ட் அறைக்குள் நுழைந்தது. அப்பாவின் தலைமாட்டில் நின்றுகொண்டே, வாஷிங் மெஷின் எப்போது டெலிவரி என்று விசாரிப்பவன் போல நர்ஸிடம் கேட்டான்.

"எந்தத் தேதின்னு சொல்லிட்டீங்கன்னா லீவு போட வசதியா இருக்கும் சிஸ்டர்."

நர்ஸுக்குப் புரியவில்லை. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கைக்குப் புரிந்தது. இங்கே சேர்த்தால் நாள் குறித்து, மருந்தைக் கூட்டி முடித்துவிடுவார்கள் என்று ஆபீஸில் யாரோ சொல்லியிருந்தார்களாம். அதை நம்பியதுகூடப் பெரிதில்லை. நம்பியும், தடுக்க வராமல் தேதி கேட்க வந்திருந்தான்.

அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். மதியம் வலிக்கு மார்ஃபின் சிரப் வந்தபோது உதட்டை இறுக மூடிக்கொண்டார். முதுகில் வலி ஏற ஏறப் போர்வையைக் கடித்தாரே தவிர, மருந்துக்கு வாய் திறக்கவில்லை. அவருக்கென்று வாங்கிவந்த ஆப்பிளை அண்ணனே நறுக்கித் தின்றுகொண்டிருந்தான். அந்த மெல்லும் சத்தம் அவளுக்குக் காதில் புழு நெளிவது போலிருந்தது.

"வெளிய போய்த் தின்னு" என்றாள்.

அப்பா நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக். பழுது பார்த்த லிஃப்ட்டில் தான் ஏறிப் பார்க்காமல் யாரையும் ஏற விடமாட்டார். அவரிடம் கெஞ்சிப் பயனில்லை என்று தெரிந்தவள், பாட்டிலை அவர் கையிலேயே கொடுக்கச் சொன்னாள். லேபிளைப் படித்தார். எவ்வளவு, எதற்கு, கூடினால் என்ன ஆகும் என்று பல்லைக் கடித்தபடி கேட்டார். நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பதில் சொன்னார். வலிக்கு ஏற்ற அளவுதான், உயிரை எடுக்க இல்லை. போன மாதம் இரண்டு பேர் வலி அடங்கி வீட்டுக்கே போயிருக்கிறார்கள்.

"பாதி மட்டும் குடுத்து ஓட்டிப் பாப்பமாம்மா?"

"பாதி குடுத்தா ரெண்டு மாடிக்கு நடுவுல நிப்பீங்க பெரியவரே."

அப்பா சிரித்துவிட்டார். வாய் திறந்தது.

முக்கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். இங்கே லிஃப்ட் நிற்கும்போது ஓர் உலுக்கு உலுக்குகிறதாம், போய்ப் பார்க்க வேண்டுமாம். கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். வெளியே அண்ணன் நின்றிருந்தான். அப்பா நடந்து வருவதைக் கண்ட அவன் முகத்தில் அவள் சந்தோஷத்தைத் தேடினாள். அவன் போனைத் தேடினான்.

"அப்போ உத்தேசமா போட்டு வெச்ச வெள்ளிக்கிழமை லீவை கேன்சல் பண்ணிடவாப்பா?"

"பண்ணிடு. எனக்கு வேலை இருக்கு" என்றார் அப்பா.

முதலில் அவர் ஏறினார், பிறகு அவள். அண்ணன் கால் வைக்க வரும்போது அப்பாவின் விரல் கதவை மூடும் பொத்தானை அழுத்தியது. மூடிய பெட்டிக்குள்ளும் அந்த சென்ட் இருந்தது. கீழே போய்ச் சேரும்வரை அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.