கசந்த குப்பி

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் மார்னி ஹாலோரன் ஒரே ஒரு சொல் சொல்லியாக வேண்டும்: போடலாம், இல்லை வேண்டாம். போடலாம் என்றால் அவள் வேலை பார்க்கும் முதலீட்டு நிறுவனத்தின் பணம் வெண்டலின் மருந்துக் கம்பெனிக்குப் போகும். வேண்டாம் என்றால் அடுத்த மாதமே அந்தக் கம்பெனிக்குப் பூட்டு. வெண்டல் அவளுக்குப் பழைய கூட்டாளி. கேம்பிரிட்ஜில் ஒரே ஆய்வுக்கூடத்தில் ஆறு வருஷம் இருவரும் வைரஸோடு மாரடித்தவர்கள்.

மருந்து ஃப்ளூ காய்ச்சலுக்கானது. சோதனைக்கு வந்த இருநூறு நோயாளிகளில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் போலி மருந்து, எல்லாருக்கும் ஐந்து நாளுக்கு. யாருக்கு எது என்று யாருக்கும் சொல்லவில்லை. மருந்து குடித்தவர்கள் ஐந்து நாளில் தேறிவிட்டார்கள், போலி குடித்தவர்களுக்கு ஏழு நாள் ஆயிற்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூக்கில் எடுத்துப் பார்த்த வைரஸ் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் குறைந்திருந்தது. வைரஸைத் தொடாத மருந்து ஆளை எப்படி எழுப்பும்? மூன்று நாளாக மார்னிக்கு மண்டை காய்ந்தது. காலையில் போடலாம் என்று எழுதுவாள், மதியம் அதை அடிப்பாள்.

மேலாளர் காரெட்டுக்கு இது வேடிக்கை. இரண்டு வருஷம் முன்பு அவள் வேண்டாம் என்று தள்ளிய கம்பெனி ஒன்று பிறகு ஓகோவென்று வந்துவிட்டது. அதைச் சொல்லிக் காட்டாமல் அந்த மனுஷனுக்குக் காபி இறங்காது.

"என்ன மார்னி, இதையும் கோட்டை விடப் போறியா?"

வெள்ளிக்கிழமை காலை பனிச்சேற்றை மிதித்துக்கொண்டு அவள் வெண்டலின் அலுவலகத்துக்கே போய்விட்டாள். நோயாளிகள் தினமும் எழுதிக் கொடுத்த குறிப்புகளையும், சோதனையில் கொடுத்த இரண்டு குப்பிகளையும் கேட்டு வாங்கினாள். வெண்டல் அவளுக்கு அனுப்பிய அறிக்கையில் எல்லாத் தொந்தரவும் தீர்ந்த நாளை மட்டும்தான் போட்டிருந்தார்கள். குறிப்புகளோ வேறு கதை சொல்லின. காய்ச்சலும் இருமலும் இரண்டு பக்கமும் ஒரே நாளில் போயிருந்தன. குமட்டலும் பசியின்மையும்தான் போலி குடித்தவர்களை விடவில்லை. அவளுக்கு இன்னும் குழம்பியது.

குப்பிகளைத் திறந்து ஒவ்வொரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒன்று செர்ரிப் பழ இனிப்பு. இன்னொன்று குடலைப் புரட்டும் கசப்பு.

"கசக்கிறதுதானே மருந்து?" என்றாள்.

வெண்டல் பூட்டி வைத்திருந்த பட்டியலை எடுத்துக் குப்பி எண்ணைப் பார்த்தான். இரண்டு முறை பார்த்தான்.

"இல்ல மார்னி. இனிக்கிறதுதான் மருந்து."

அப்புறம்தான் அவனுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. முதலில் மருந்து கசந்தது. வித்தியாசம் தெரியக்கூடாதென்று போலியிலும் கசப்பு சேர்க்கச் சொன்னான். பிறகு மருந்து செய்பவர்கள் கஷ்டப்பட்டு அந்தக் கசப்பைச் செர்ரி வாசனையில் மறைத்தார்கள். போலி தயாரிப்பது வேறு ஊர்க்காரர்கள். அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அவரவர் வேலையை அவரவர் கச்சிதமாகச் செய்திருந்தார்கள்.

"அப்போ நம்ம மருந்து யாரையும் எழுப்பலையா?" என்றான்.

"போலிதான்டா குமட்டலக் கிளப்பி ரெண்டு நாள் கூடுதலா படுக்க வச்சிருக்கு. மருந்து வேலை செய்யுமா, செய்யாதான்னு எனக்கு இப்பவும் தெரியல. இந்தச் சோதனைய வச்சு யாராலயும் சொல்ல முடியாது."

சொல்லிவிட்டு மார்னி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டே முக்கால். செல்பேசியில் காரெட் இரண்டு முறை கூப்பிட்டு ஓய்ந்திருந்தார்.

வெண்டல் கசப்புக் குப்பியிலிருந்து ஒரு கரண்டி நிறைய ஊற்றினான். இத்தனை நாளில் அவன் அதை ஒரு சொட்டுகூடக் குடித்துப் பார்த்ததில்லை. விழுங்கியதும் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"காய்ச்சலோட வந்தவங்கள இதையா அஞ்சு நாள் குடிக்க வச்சேன்?"

மார்னி காரெட்டுக்கு வேண்டாம் என்று செல்பேசியில் தட்டி அனுப்பிவிட்டு, அவனுக்குத் தண்ணீர் கொண்டுவர எழுந்தாள்.