பெண்ணழைப்புக்கு ஒரு ஃபேன்

என் பெண்ணழைப்புக்கு வாடகைக் கார் வைப்பதென்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் மட்டும் வெளியே போய் எங்கள் அம்பாசிடரின் மேல் உதிர்ந்து கிடந்த வேப்பம்பூவைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாம் அக்கா கல்யாணத்தில் நடந்ததால் வந்தது. அன்றும் இதே கார்தான், நைனாதான் ஓட்டினார். மேளத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் போன கார், கடைவீதி நடுவில் கொதித்து நின்றுவிட்டது. அது ஆறி மண்டபம் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. நாங்கள் சமணர்கள், பொழுது போனபின் சாப்பிடமாட்டோம். சமைத்த விருந்து சமைத்தபடி இருக்க, மாப்பிள்ளை வீட்டார் உள்பட அத்தனை பேரும் வெறும் வயிற்றோடு படுத்தார்கள். அதற்குப் பிறகு நைனா எந்த விசேஷத்துக்கும் கார் எடுத்ததில்லை.

செஞ்சியில் இன்னொரு சங்கடமும் உண்டு. செல்போன் காட்டும் அஸ்தமன நேரத்தை எங்கள் பெரியவர்கள் ஏற்பதில்லை. சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் போனால் போனதுதான். மலை இருப்பதால் எங்களுக்குப் பகல் கொஞ்சம் குறைவு.

நான் வெளியே போய் நைனா பக்கத்தில் நின்றேன்.

"திண்டிவனம் போனா கொதிக்குதா நைனா?"

"இல்லையே. ஊர்கோலத்துலதான் மானத்த வாங்குது."

"ஃபேன் பெல்ட்டுல ஓடுது. எஞ்சின் மெதுவா ஓடினா அதுவும் மெதுவாத்தான் சுத்தும். கரண்ட் ஃபேன் போட்டா வண்டி நின்னாலும் முழு வேகத்துல சுத்தும்."

எனக்கு இது பெரிய பேச்சு. பி.எஸ்சி. பிசிக்ஸ் வகுப்பில் மூன்று வருடமும் நான் எழுந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. நைனா என்னையே பார்த்தார்.

"கொதிக்காதா?"

"கொதிக்காது."

"நின்னுபோச்சுன்னா உன் மாமியார் வீடும் பட்டினிதான், தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப வண்டில ஏறு."

மெக்கானிக் இளவழகன் அண்ணன் பள்ளியில் எனக்கு மூன்று வகுப்பு மேலே படித்தவர். ஏற்கெனவே பிரித்துப் போட்ட சின்னக் கார் ஒன்றின் ஃபேன் அவரிடம் இருந்தது. பழைய இரும்பு ஃபேனைக் கழற்றினார். தண்ணீர் பம்ப்புக்கு வேண்டுமென்று பெல்ட்டை மட்டும் விட்டுவைத்தார். புது ஃபேனை ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் பொருத்தி, டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சுவிட்ச் வைத்தார். ஃபேனிலிருந்து வந்த இரண்டு ஒயரும் எண்ணெய் அழுக்கில் ஒரே நிறமாக இருந்தன. ஒன்றை இங்கே, ஒன்றை அங்கே செருகினார்.

சுவிட்சைப் போட்டதும் விர்ரென்று சுற்றியது. கத்திரி வெயில் நேரம். மூன்று பேரும் காருக்கு முன்னால் போய் நின்றோம். முகத்தில் காற்று அடித்தது.

"இன்னாமா வீசுது பாரு" என்றார் இளவழகன் அண்ணன். "இப்பிடியே பாய் போட்டுப் படுத்துக்கலாம்."

நைனாவின் நரைமுடி பறந்தது. வெகுநாள் கழித்து அவர் சிரிப்பதைப் பார்த்தேன். நானும் கண்ணை மூடிக்கொண்டு காற்று வாங்கினேன்.

பெண்ணழைப்பு அன்று சாயங்காலம் கடைவீதியிலிருந்து புறப்பட்டோம். மண்டபம் திருவண்ணாமலை ரோட்டில், ஊரின் மேற்கு ஓரத்தில் இருந்தது. நைனா ஓட்ட, நான் பின் சீட்டில் மாலையும் நகையுமாகத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். குனிந்ததற்கு வெட்கம் மட்டும் காரணமில்லை. அந்தக் கோணத்தில்தான் சூடு காட்டும் முள் தெரிந்தது.

முள் ஏறிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தால் எதிரே ராஜகிரி. அதன் மேல் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

நைனாவும் முள்ளைப் பார்த்துவிட்டார். அவர் பின்கழுத்தெல்லாம் வியர்வை. "சுத்திக்கினுதான் இருக்குது, சத்தம் கேக்குது. அப்பறம் ஏன் ஏறுது?" என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

காருக்கு முன்னால் பெண்கள் ஆடிக்கொண்டு போனார்கள். பிரம்மி அத்தை ஆட்டத்தை விட்டுவிட்டு, கார் முகப்பை ஒட்டி, அதற்கு முதுகைக் காட்டியபடியே நடந்து வந்தாள். ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்து, "ஏண்டி, உங்க காரு காத்து விடுதுடி. அனல்காத்துதான், ஆனா வேர்வைக்கு நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, முகப்பில் தொங்கிய மல்லிகைச் சரங்களைப் பார்த்தேன். எல்லாம் முன்பக்கமாக, மேளக்காரர்களை நோக்கிப் பறந்துகொண்டிருந்தன.

வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டிய ஃபேன், எஞ்சின் சூட்டையே ரேடியேட்டருக்குள் அடித்து முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் ஆசையாக வாங்கிய காற்று அது. வரவே கூடாத காற்று.

"நிறுத்து நைனா" என்றேன். தவில் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். கேட்கவில்லை. கதவைத் திறந்து நடுரோட்டில் இறங்கிவிட்டேன்.

நைனா பிரேக் போட்டார். கூட்டம் ஒரு விநாடி திகைத்து, பிறகு விசிலடித்தது. தவில்காரர் தனகோட்டி என்னைப் பார்த்துத் தலையாட்டி வேகத்தைக் கூட்டினார். மணப்பெண் ஆட வந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டார்கள்.

இளவழகன் அண்ணன் புதுச் சட்டையில் முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தார். "அண்ணா, ஃபேன் தலைகீழா சுத்துது" என்று கத்தினேன். அவர் காதில் கையை வைத்துக் காட்டினார். நான் விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டு, அதையே எதிர்ப்பக்கமாகப் போட்டுக் காட்டினேன்.

அவரும் அப்படியே செய்தார். ஒரு வட்டம், எதிர்வட்டம். இடுப்பையும் சேர்த்துக்கொண்டார். பிரம்மி அத்தை செய்தாள். அக்கா செய்தாள். அடுத்த அடிக்குள் தெருவே வட்டம் போட்டது.

எனக்கு அழுகை வர வேண்டிய இடம். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே போய் முகப்பு அலங்காரத்தைப் பிடுங்கி அத்தை கையில் கொடுத்துவிட்டு பானட்டைத் தூக்கினேன்.

தவில் நின்றது. இளவழகன் அண்ணன் ஓடிவந்தார். அத்தை கையில் மல்லிகை பறக்கிற திசையைக் காட்டினேன். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஒயரு மாறிப்போச்சும்மா. அன்னிக்குக் காத்து வாங்குன மயக்கத்துல..."

"மாத்துங்க அண்ணா."

நைனா எஞ்சினையும் ஃபேனையும் நிறுத்தினார். இளவழகன் அண்ணனின் கை அந்தச் சந்தில் நுழையவில்லை. என் கை நுழைந்தது, வளையலைக் கழற்றிய பிறகு. அவர் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, சுடச்சுட இரண்டு கிளிப்பையும் உருவி இடம் மாற்றிச் செருகினேன். அத்தனை பேர் என்னைப் பார்க்கிறார்கள் என்பது செருகி முடித்த பிறகுதான் உறைத்தது.

நைனா சுவிட்சைப் போட்டார். அத்தை அலங்காரத்தை முகப்பில் திரும்ப மாட்டினாள். மல்லிகைச் சரங்கள் சட்டென்று கம்பியோடு ஒட்டிக்கொண்டன.

"காத்து நின்னுபோச்சே" என்றாள் அத்தை வருத்தமாக.

"உள்ள போவுது அத்தை. இனிமே காருக்கு" என்றேன்.

பிறகு போன வழியெல்லாம் முள் இறங்கியது. சூரியனும் இறங்கியது, ஆனால் முள்தான் முந்தியது. மண்டப வாசலில் கார் நின்றபோது மலைக்கு மேலே இன்னும் வெயில் இருந்தது. மாப்பிள்ளை சாந்திகுமார் ஓடிவந்து கதவைத் திறந்தார். என் கைக்கரியைப் பார்த்தார். "வீடியோ போன்ல வந்துட்டுது. ஆட்டம் மட்டும்தான் வந்துது, ரிப்பேர் வரல" என்றார். பந்தி தொடங்குமுன் ரேடியேட்டர் பற்றி அவருக்கு நிறையச் சொல்லிவிட்டேன். அவர் கேள்வியும் கேட்டார்.

முதல் பந்தியிலேயே எல்லோரும் உட்கார்ந்தார்கள். நைனா என் எதிர் வரிசையில், ஜன்னலோரம். சாம்பார் முடிந்து, ரசம் முடிந்து, பாயசமும் முடிந்தது. பரிமாறுகிறவர் வாளியோடு தயங்கி நின்று, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமாங்க?" என்றார்.

நைனா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். சாவகாசமாகப் பார்த்தார்.

"இன்னும் இருக்குது. ஊத்து" என்றார்.