இரண்டு மில்லிமீட்டர் பேரம்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் எல்லாரும் அவளைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. புரோட்டான் கதிரால் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் மூன்று மாடி உயர இயந்திரம் ஒன்று அங்கே இருந்தது. தினமும் காலையில் அதைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அந்தக் கையெழுத்து விழாமல் கதிர் இம்மியும் அசையாது. பெரிய டாக்டரே வந்து நின்றாலும் அதே கதைதான்.

ஆறரை மணிக்குள் முக்கால்வாசி முடிந்துவிட்டது. கதவைத் திறந்தால் கதிர் நின்றது. சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகள் வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டிக்கொண்டன. கதிரின் அளவும் சுத்தம். மிச்சம் இருந்தது ஆழம் ஒன்றுதான். சொன்ன ஆழத்தில் போய் நிற்பதும், அதைத் தாண்டி எட்டிக்கூடப் பார்க்காததும்தான் புரோட்டானின் பெருமை. அன்றைக்கு அது இரண்டு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போனால் மன்னிப்பு கிடையாது. திரை சிவந்தது.

வெளியே முதல் நோயாளி அக்காவோடு காத்திருந்தார். தையல்காரர். அவருடைய கண்ணுக்குப் பின்னால் ஒரு கட்டி, அதை ஒட்டினாற்போலப் பார்வை நரம்பு. இயந்திரத்தைப் பழுது பார்த்ததில் அவருக்கு இரண்டு நாள் சிகிச்சை ஏற்கெனவே போயிருந்தது. மூன்றாம் நாளும் போனால் கட்டிக்கு நாமே லீவு கொடுத்த மாதிரி என்று பெரிய டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். கதிரின் ஆழம் குறைந்தால் கட்டியின் அந்தப் பக்கம் தப்பிவிடும். கூடினால் நரம்பு போகும். ஊசியில் நூல் கோத்துச் சாப்பிடுகிற மனிதருக்கு நரம்பு போனால் என்ன மிஞ்சும்?

இரண்டு நாளாக இயந்திரத்தைக் கழற்றி மாட்டிய இன்ஜினியர் பக்கத்திலேயே நின்றார். முகத்தில் தூக்கமும் இல்லை, சவரமும் இல்லை. தான் மாட்டியதில்தான் ஏதோ பிசகு என்று அவராகவே தலையில் போட்டுக்கொண்டார்.

"ஆற்றலை ஒரு சிட்டிகை கூட்டிடறேன் மேடம். பத்து நிமிஷ வேலை, ரெண்டு மில்லி நேராயிடும்."

அதற்குள் பெரிய டாக்டரும் வந்து சேர்ந்தார். உடனே ஆரம்பித்தாக வேண்டும் என்றார். தராசு ஒரு மணி நேரம் கேட்டாள். அவர் பத்து நிமிஷத்தில் நின்றார். அவள் முக்கால் மணிக்கு இறங்கி, இதற்குக் கீழே கட்டுப்படியாகாது என்கிற முகத்தோடு பேனாவை மூடிப் பையில் வைத்தாள். கையெழுத்துப் போடும் பேனா பைக்குள் போனதும் அவர் அரை மணிக்கு ஏறி வந்தார். கேட்க நினைத்ததே அந்த அரை மணி என்பதை அவள் காட்டிக்கொள்ளவில்லை.

மேலாக ஒரு தடவை, நடு ஆழத்தில் ஒரு தடவை, அடி ஆழத்தில் ஒரு தடவை அளந்தாள். இரண்டு, இரண்டு, இரண்டு.

"ஆற்றல்ல கோளாறுன்னா, ஆழம் கூடக் கூட வித்தியாசமும் கூடணும். இது எங்க கேட்டாலும் அதே ரெண்டு சொல்லுது. பொய் சொல்றவங்க இவ்வளவு ஒழுங்கா சொல்ல மாட்டாங்க."

"அப்ப ரெண்டு மில்லியை யார் தின்னது?" என்றார் இன்ஜினியர்.

தராசு வெர்னியர் அளவுகோலை எடுத்துக்கொண்டு, தடித்த சுவர்களுக்கு இடையே வளைந்து போகும் நடையைத் தாண்டிச் சிகிச்சை அறைக்குள் போனாள். கட்டிலின்மேல் அளவுக் கருவி. அதன்முன், உடம்புத் தசைக்குப் பதிலாக நிறுத்தும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கட்டை. ஐந்து சென்டிமீட்டர் என்று அதில் பொறித்திருந்தது. வெர்னியர் ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர் என்றது. விளிம்பில் நகத்தை ஓட்டினாள். மயிரிழை போல ஒரு கோடு தட்டுப்பட்டது. நெம்பியதும் சடசடவென்று ஒரு மெல்லிய தகடு பிரிந்து வந்தது; கட்டையின் கனத்தைக் கூட்ட வேண்டும்போது மட்டும் சேர்க்கிற இரண்டு மில்லி பிளாஸ்டிக். கை ரோமமெல்லாம் எழுந்து நின்றது.

முந்தின நாள் மாலை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்து அடுக்கியது அவளேதான். தேய்த்த தேய்ப்பில் மின்னேறி, தகடு கட்டையோடு குடித்தனம் நடத்தியிருக்கிறது. தகட்டைக் கோட்டுப் பையில் நழுவவிட்டால் போதும், பழி தானாக இயந்திரத்தின்மேல் போய் உட்கார்ந்துவிடும். அவள் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"தப்பு மெஷின்ல இல்ல சார். நேத்து தொடச்சு அடுக்கினது நான். இது ஒட்டிக்கிட்டு இருந்ததைப் பார்க்கல."

பெரிய டாக்டர் தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"நான் ஆற்றலைக் கூட்டியிருந்தா?" இன்ஜினியரின் குரல் இறங்கிவிட்டது.

"நேரா நரம்புக்குள்ள போயிருக்கும்."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். தராசு கட்டையை மட்டும் வைத்து மூன்று ஆழத்திலும் மறுபடி அளந்தாள். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. திரை பச்சையானது. பேசிய அரை மணியில் ஆறு நிமிஷம் மிச்சம் வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

தையல்காரர் முகத்தின்மேல், தலை அசையாமல் பிடிக்கும் வலை முகமூடியைப் பொருத்தினார்கள். தன் அளவுக்குத் தான் தைக்காதது இது ஒன்றுதான் என்றும், பிடிப்பு கொஞ்சம் அதிகம் என்றும் அதற்குள்ளிருந்தே குறை சொன்னார். கதவு மூடிற்று. கதிர் கட்டியை அடுக்கடுக்காகத் தடவிக்கொண்டு உள்ளே போனது. நரம்புக்கு முன்னால், நிற்க வேண்டிய கோட்டில், சொன்ன சொல் மாறாமல் நின்றது. ஒன்றரை நிமிஷம். இன்ஜினியர் எழுந்து கை தட்டினார். தட்டுவது அவர் மட்டும்தான் என்று தெரிந்தும் நிறுத்தவில்லை.

தையல்காரர் கன்னமெல்லாம் வலை அச்சோடு வெளியே வந்தார். பிடிக்க வந்த அக்காவின் கையை விலக்கிவிட்டு, தராசுக்கு ஆறேழு அடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கினார்.

"தங்கச்சி, அந்தக் கோட்டுல மூணாவது பட்டன் நூல் விட்டிருக்கு. இந்த வாரம் தாங்காது."

தராசு குனிந்து தேடினாள். பெரிய டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். இருவருக்கும் அகப்படவில்லை. தையல்காரர் பொறுமையாகப் பக்கத்தில் வந்து, நூலின் நுனியை விரலால் தொட்டுக் காட்டினார்.