செல்வதாஸ் என்று சொன்னவர்

கரிசனை இல்லத்துக்கு வந்த அன்று தங்கையன் சொன்ன முதல் வார்த்தையே பொய். பெயர் என்ன என்று கேட்டார்கள். "செல்வதாஸ்" என்றார். அது வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்திருந்தவரின் பெயர். அந்தக் கடையின் சாய்ப்புக் கூரைக்கு அடியில்தான் நாலு வருடமாக அவர் படுத்துக் கிடந்தார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, "ஆரும் இல்ல. எல்லாம் செத்துப் போச்சு" என்றார். சொல்லி வாய் மூடுவதற்குள் மனைவி பூங்கனியின் முகம் வந்து நின்றது. புதுக்கடையில் உயிரோடு இருக்கிறவளை ஒரு சொல்லில் கொன்றுவிட்டோமே என்று நெஞ்சு சுட்டது. ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை.

இல்லம் அஞ்சுகிராமத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு பழைய மாடி வீடு. தெருவில் கிடந்தவர்கள் முப்பது பேர் அங்கே இருந்தார்கள். வேனில் போய் ஆட்களைக் கூட்டி வருவது, புண் கழுவுவது, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, பென்ஷனுக்கு எழுதிப் போடுவது எல்லாம் ஷீஜாவின் பாடு. முப்பது வயசுக்காரி. முதல் நாள் அவள் தரையில் உட்கார்ந்து தங்கையனின் காலை எடுத்துத் தன் மடியருகே வைத்தபோது, அவர் காலை இழுத்துக்கொண்டார். புண்ணில் புழு வைத்திருந்தது.

"நாத்தம் அடிக்கும் மக்கா. நீ தள்ளி இரி."

"எனக்கு ஜலதோஷம் மாமா. ஒரு மணமும் தெரியாது" என்றாள் அவள்.

அவளுக்கு ஜலதோஷம் எதுவும் இல்லை என்று அவருக்குத் தெரியும். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பதினாலு மாதத்தில் புண் ஆறி, தங்கையன் அடுக்களையில் காய் நறுக்குகிற அளவுக்குத் தேறிவிட்டார். ஆனால் கண் மங்கிக்கொண்டே வந்தது. இரண்டு தடவை கத்தி விரலில் பட்டது. கண்புரை என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்ய காப்பீடு வேண்டும், காப்பீட்டுக்கு ஆதார் வேண்டும். "நான் எடுத்ததே இல்ல" என்று அடுத்த பொய்யைச் சொன்னார் தங்கையன். ஷீஜா அவரைப் புதிதாகப் பதியக் கூட்டிப் போனாள். இரண்டு முறை பதிந்தார்கள். இரண்டு முறையும் தள்ளுபடி என்று வந்தது.

"கண்ணு இப்பிடியே போட்டும் மக்கா. நமக்கென்ன, வண்டியா ஓட்டப் போறேன்?"

"அது எப்பிடி மாமா போகும்? நாகர்கோவில்ல பெரிய மையத்துல போய்க் கேப்போம்."

மையத்தில் கூட்டம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பையன் பத்து விரலையும் வைக்கச் சொன்னான். கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவன், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தான்.

"ஏற்கெனவே கார்டு இருக்கே. தங்கையன், புதுக்கடை. நீங்க செல்வதாஸ்னு எழுதியிருக்கீங்க. யாரு இவரு?"

தங்கையனுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. பின்னால் ஒருத்தி, "வயசான காலத்துல கள்ளப் பேரா" என்று யாரிடமோ சொன்னாள்.

ஷீஜா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. "இவருதான் சார் தங்கையன். எழுதினது எங்க தப்பு. கார்ட எடுத்துத் தாங்க" என்றாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சுசீந்திரம் தாண்டியதும் அவராகவே வாயைத் திறந்தார்.

"எனக்கொரு ஆட்டோ இருந்துது மக்கா. பள்ளிக்கூடச் சவாரி. பக்கத்து வீட்டுப் பிள்ள, பெபிஷா, மூணாங்கிளாஸு. அவ மட்டும்தான் அண்ணைக்கு வண்டியில. காலம்பறயே குடிச்சிருந்தேன். வண்டியச் சானல் வாய்க்கால்ல கொண்டு மறிச்சுக் கவுத்தேன்."

"பிள்ளைக்கு?"

"காலு ஒடிஞ்சு போச்சு. நான் சிராய்ப்பு இல்லாம எந்திச்சேன்." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "அவளுக்க அம்மை ஜாஸ்மி, போலீசுகாரங்க வந்தப்போ, நாய் குறுக்க சாடிச்சுன்னு சொல்லிட்டா. நான் கெட்டுப் போகக் கூடாதாம். ஒரு வார்த்த ஏசியிருந்தாலும் அங்க கிடந்திருப்பேன். ஏசல்ல. காலு ஒரு பக்கம் குறுகிப் போகும்னு டாக்டர் சொன்ன அண்ணைக்கு, நெய்யாற்றின்கரையில வேலைன்னு வீட்டுல சொல்லிட்டு எறங்கினேன். பிறகு போகல்ல. ஏழு வருஷம் ஆச்சு."

ஷீஜா அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லாம வீட்டுக்கு விளிக்க மாட்டோம் மாமா. அது இல்லத்துல ஒரு சட்டம். ஆனா உங்க பேர மாத்தி எழுதணும்."

அன்று சாயங்காலம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடத்தில் தங்கையன் எழுந்து நின்று, தன் பெயர் செல்வதாஸ் இல்லை, இத்தனை நாள் பொய் சொல்லிவிட்டேன் என்றார். "பேரு எதுவானா என்ன, அவிச்ச மரச்சீனிக் கிழங்குக்கு உப்பு போதாதுடே" என்றார் நாராயணபெருமாள் என்ற கிழவர். எல்லோரும் சிரித்தார்கள். தங்கையனால் சிரிக்க முடியவில்லை.

ஆபரேஷனுக்கு ஷீஜாதான் கூட இருந்து கையெழுத்துப் போட்டாள். உறவு என்ற இடத்தில் அவள் இல்லத்தின் பெயரை எழுதியதைப் பார்த்தார். கட்டு அவிழ்த்த மூன்றாம் நாள், பூங்கனியின் போன் நம்பரை மனதிலிருந்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். நம்பர் மாறவில்லை. ஷீஜாதான் பேசினாள். அந்தப் பக்கத்திலிருந்து, "நான் அண்டி ஆபீஸ்ல வேலையில நிக்கேன். ஞாயிற்றுக்கிழமை வாறேன்" என்று மட்டும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, அதே வெள்ளைச் சேலையோடு மூன்று பஸ் மாறி வந்தாள் பூங்கனி. அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைத்து, அதன் பால் பட்டு விரல்கள் கறுத்திருந்தன. தலை பாதி நரைத்திருந்தது. முற்றத்துப் பெஞ்சில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அழவில்லை.

"நான் செத்துட்டேன்னு சொன்னீராமே?"

தங்கையன் தலை குனிந்தார். எப்படித் தெரிந்தது என்று ஷீஜாவைப் பார்க்கவும் தைரியம் வரவில்லை.

"ரிஜிஸ்டர்ல எழுதியிருந்தத நான்தான் காட்டித் தரச் சொன்னேன்" என்றாள் பூங்கனி. "அது போட்டும். நீரு ஏன் போனீரு?"

"அவங்க மூஞ்சில முழிக்க நாணக்கேடு. அதான்."

"உமக்கு நாணக்கேடு. அப்ப எனக்கு?" அவள் குரல் உயரவில்லை. "பிள்ள காலு ஒடிஞ்சது ஒரு நாளு. நீரு போனது ஏழு வருஷம். தெனம் விடிஞ்சா அவ நொண்டிக்கிட்டு எனக்க வாசல் வழியாத்தான் பள்ளிக்கூடம் போவா. நான் முத்தத்தத் தூத்துப் பெருக்கிக்கிட்டு நிப்பேன். உமக்குப் பதிலா நான் நின்னேன். நீரு இங்க ஒளிச்சு இருந்தீரு."

ஊரை விட்டு, வீட்டை விட்டு, குப்பையோடு குப்பையாகக் கிடந்ததெல்லாம் தனக்குத் தானே விதித்துக்கொண்ட தண்டனை என்றுதான் தங்கையன் இத்தனை வருடம் நினைத்திருந்தார். அந்த நினைப்பில் உள்ளூர ஒரு சமாதானம்கூட இருந்தது. அது தண்டனை இல்லை, சுமையை இன்னொருத்தி தலையில் ஏற்றிவிட்டு ஓடியதுதான் என்று இப்போது விளங்கியது. புழு வைத்த காலை ஒரு பெண்பிள்ளை கழுவியபோது பட்ட வெட்கமெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

"வீட்டுக்கு வாரும்னு சொல்ல வரல்ல" என்று எழுந்தாள் பூங்கனி. "முதல்ல அந்தப் பிள்ளைக்க வீட்டுல வந்து நில்லும். பிறகு பாப்போம்."

அடுத்த சனிக்கிழமை ஷீஜாவும் கூடப் போனாள். புதுக்கடை சந்தை முக்கில் இறங்கியதும் தங்கையன் அங்கேயே நின்றுவிட்டார். "நான் தெரு முனையில நிக்கேன் மாமா. உள்ள நீங்கதான் போகணும்" என்றாள் அவள்.

பெபிஷாவின் அப்பா வெளியே வந்து பார்த்தார். ஆளை அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நீ அண்ணைக்கே வந்திருந்தா ரெண்டு அடி அடிச்சிருப்பேன்" என்றார். "இப்ப அடிச்சா நீ செத்துப் போவ." சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பின்வாசல் வழியாக இறங்கியவர் திரும்பி வரவில்லை. ஜாஸ்மி நாற்காலியை எடுத்துப் போட்டாள். தங்கையன் உட்காரவில்லை.

டியூஷன் முடிந்து பெபிஷா வந்தாள். இப்போது பத்தாம் வகுப்பு. இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தாள். பார்வையைத் தாழ்த்திக்கொள்ளத்தான் மனம் சொன்னது. ஆனால் அவள் படி ஏறுகிற வரைக்கும் அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"குடிச்சிட்டு ஓட்டினேன் மக்கா. நாய் ஒண்ணும் சாடல்ல. தப்பு எனக்க தப்புதான்" என்றார்.

"அது தெரியும்" என்றாள் பெபிஷா. "ஆஸ்பத்திரிக்கு ஏன் வரல்ல? தங்கையன் மாமா எங்கன்னு நான் கேட்டுட்டே கெடந்தேன். உங்களுக்கும் அடிபட்டுச்சோன்னு."

"பயந்து போனேன்" என்றார் அவர். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

அன்றைக்கே அவர் அஞ்சுகிராமம் திரும்பிவிட்டார். தங்கிவிட்டுப் போம் என்று பூங்கனி சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. ஷீஜா அவருக்குப் பென்ஷனுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். அடுக்களையில் அவர் வேலை அப்படியே இருக்கிறது. சனிக்கிழமைகளில் புதுக்கடைக்குப் போய், வேலி கட்டிக் கொடுத்து, விறகு கீறிப் போட்டு, பூங்கனி விளம்புகிற சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் திரும்புகிறார். கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் வந்து இருக்கலாம் என்று போன வாரம்தான் சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்குப் போகச் சானல்கரை வழியாக ஒரு குறுக்கு வழி உண்டு. அதில் போனால் யார் கண்ணிலும் பட வேண்டாம். தங்கையன் ஜாஸ்மி வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறார். அந்த இடம் வரும்போது இப்போதும் முகம் எரிகிறது.