மோத்தர் என்ற சொல்லுக்கு நான் எழுதி முடிக்காத குறிப்பு

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை வேலைக்கு டிமிக்கி கொடுத்ததில் பிறந்தது. எங்கள் தலைநகர் திரானாவில் அகராதி வேலை பார்க்கிறேன். 'மோத்தர்' என்ற சொல்லுக்கு வேர்க்குறிப்பு கேட்டார்கள். எங்கள் பேச்சில் அது அக்காவோ தங்கையோ, உடன்பிறந்தவளைக் குறிக்கும். அதன் மூதாதைச் சொல்லுக்கோ அம்மா என்று பொருள். பல மொழிகளில் அம்மாவாகவே நின்றுவிட்ட சொல் எங்களிடம் ஏன் அக்காவிடம் வந்து சேர்ந்தது? சத்தியமாகத் தெரியாது.

2.
முதல் தொடக்கம்: 'ஏதோ ஒரு காலத்தில் ஒரு தாய் இறந்தாள். மூத்த மகள் அடுப்பைப் பற்றவைத்தாள். இடுப்பில் இருந்த குழந்தை அவளை...'

(நிறுத்திவிட்டேன். இது ஆராய்ச்சியா, மண்ணாங்கட்டி. சொந்த ஊரான கோர்ச்சாவில் எங்கள் வீட்டில் நடந்தது. அம்மா போனபோது எனக்கு மூன்று வயது, அக்கா ஓலிம்பிக்குப் பதின்மூன்று. என்னை வளர்த்ததில் அவளுக்குக் கல்யாணமே நடக்கவில்லை.)

3.
ஓலிம்பியைப் பாத்திரமாக நம்ப முடியவில்லை. இவ்வளவு நல்லவள் கதையில் எடுபடமாட்டாள். அப்பா இறந்ததும், வழக்கப்படி, வீட்டில் தன் பங்கை எனக்கே எழுதிக்கொடுத்தாள். தம்பியிடம் பங்கு கேட்ட பெண்ணை ஊர் காறித் துப்பும். அது தெரிந்துதான் நான் ஒப்புக்குக்கூட மறுக்கவில்லை.

இப்போது அவள் குடியிருக்கும் அந்த வீட்டையே விற்கிறேன். வாங்குகிறவர் விடுதி நடத்தப்போகிறார்; வீடு முழுசாகக் காலியாக வேண்டுமாம். போன ஞாயிறு அவள் போன் செய்தாள்.

"வித்துக்கோ தம்பி. பின்பக்க ரூமை மட்டும் எனக்கு விடச் சொல்லேன். சும்மா வேணாம், அவங்க படுக்கை விரிப்பெல்லாம் நான் தொவைச்சுக் குடுக்கறேன்."

"பாக்கலாம்க்கா" என்றேன். ஐம்பது வருடத்தில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

4.
முடிவு அ: விற்பனையை நிறுத்துகிறேன். (என் லட்சணம் தெரிந்தால் நம்பமாட்டீர்கள்.)

முடிவு ஆ: அவளைத் திரானாவுக்கு அழைத்துவருகிறேன். இங்கே பேச ஆளில்லாமல் நான் அகராதியை வாய்விட்டுப் படிக்கிறேன். தனிமை எனக்கே பழகவில்லை. அக்கம்பக்கத்தை விட்டு வந்தால் அவள் என்ன...

5.
இன்று காலை நானே கூப்பிட்டேன். வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ரூம் விஷயத்தை விட்டுடுடா. கேட்டதே தப்பு. நான் கேட்டேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதே."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இதோ, உங்களிடம் சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அதற்குப் பிறகு அவள் எங்கே போகிறாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கை வரவில்லை.