மாதவிலக்கு வரட்டும்

சொலொங்கோ முதலில் என்னிடம் வந்தபோது அவளுடைய இரண்டாவது குழந்தைக்கு நாலு மாதம். மங்கோலியத் தலைநகர் உலான்பாதரின் வடக்கு மேட்டில், கூடாரங்களும் பலகை வேலிகளுமாகக் கிடக்கும் எங்கள் வட்டாரத்துக்கு நான்தான் குடும்ப மருத்துவர். பதினேழு வருட அனுபவம் என்று மார்தட்டிக்கொள்வேன்.

"டாக்டர்க்கா, எனக்கு ரெண்டுமே ஆபரேஷன். ரெண்டு வருஷத்துக்கு வயித்துல எதுவும் தங்கக் கூடாது, தையல் பிரிஞ்சிடும்னு பிரசவ ஆஸ்பத்திரில சொல்லி அனுப்பினாங்க. ஏதாவது வெச்சு விடுங்க."

"பால் குடுக்கறியா?"

"குடுக்கறேன்."

"மாதவிலக்கு வந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம் என்ன அவசரம்? பால் குடுக்கறவளுக்குக் கரு தங்காது. மாதவிலக்கு வரட்டும், ரெண்டாம் நாள் வா, காப்பர்-டி வெச்சு விடறேன். கருத்தடை ஊசி போட்டா பால் வத்திடும். அவ்வளவு பயம்னா புருஷனைக் கொஞ்ச நாள் ஆடு மேய்க்க அனுப்பு!"

நர்ஸ் பூர்வே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சொலொங்கோவும் சிரித்துவிட்டுப் போனாள்.

பகலெல்லாம் அவள் தையல் ஆலையில் இருந்தாள். குழந்தைக்குப் பக்கத்து வேலிக்காரி புட்டிப்பால் கொடுத்தாள். நான் கேட்கவில்லை. தாய்ப்பால் மட்டுமே கொடுத்தால்தான் அந்தக் காப்பு, அதுவும் ஆறு மாதம் வரைக்கும்தான் என்று எப்போதோ படித்திருந்தேன். படித்தது போய்விட்டது, என் சீனியர் வாய்வழியாகச் சொன்னது மட்டும் தங்கிவிட்டது.

குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோது மறுபடி வந்தாள்.

"இன்னும் வரல டாக்டர்க்கா. பயமா இருக்கு."

"வந்துடுச்சேன்னு அழறவங்களைப் பாத்திருக்கேன், வரலன்னு அழறவ நீதான்டி. போய் நிம்மதியா இரு."

சிறுநீர் சோதனை அட்டை என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. ஐந்து நிமிட வேலை. வெளியே பதினெட்டு பேர் இருமிக்கொண்டு நின்றார்கள், நான் எடுக்கவில்லை. அன்றைக்கே அவளுக்கு இரண்டு மாதம்.

வயிற்றில் உதைத்தபோதுதான் தெரிந்தது. கலைக்கும் காலம் தாண்டியிருந்தது. ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள். அதற்கு மூன்று வாரம் முன்னால், ஜனவரியில் ஒரு காலை, தண்ணீர்க் கேனை வண்டியில் வைத்து மேட்டில் இழுத்துக்கொண்டு வந்தவளுக்குப் பழைய தையல் பிரிந்துவிட்டது. தாயும் போனாள், உள்ளே இருந்ததும் போனது.

விசாரணைக் கூட்டத்தில் என்னைக் கிழிப்பார்கள் என்று நினைத்தேன். கிழித்தால் தேவலை என்றுகூட இருந்தது. ஏழு டாக்டர்கள் அவளுடைய மருத்துவக் குறிப்பேட்டை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

"மாதவிலக்கே வராம எப்படி வெக்கறது? நானா இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்," என்றார் தலைவர். ஐந்து தலைகள் ஆடின.

ஹூலன் என்ற சின்ன டாக்டர் மட்டும் எழுந்தாள். "சார், கர்ப்பம் இல்லன்னு உறுதி பண்ணிட்டு எப்ப வேணா வெக்கலாம். ரெண்டாவது பிரசவ ஆபரேஷன் அப்பவே கூட வெச்சிருக்கலாம்."

"பயிற்சிக்குப் போயிட்டு வந்தீங்களா? நல்லது, உக்காருங்கம்மா."

பிறகு அவர் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார்: நோயாளி மருத்துவ அறிவுரையைப் பின்பற்றவில்லை. எனக்கு வாய் இருந்தது. பதினேழு வருட வேலையும் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

வெளியே அவள் கணவன் கன்ஸோரிக், சின்னதைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். என் மேல் அவனுக்குக் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"டாக்டர்க்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவ ஏதாவது தப்புப் பண்ணிட்டாளா? நீங்க சொன்னதைக் கேக்காம இருந்துட்டாளா?"

"இல்லப்பா. சொன்னதை அப்படியே கேட்டா."

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. எனக்கு நன்றி சொன்னான். உள்ளே எழுத்தர் அந்தக் காகிதத்துக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.