கூட நிற்க ஒரு ஆள்

கேரளத்து ஏலப்பாறையில் தேயிலைக் கொழுந்து கிள்ளும் வேலுத்தாய்க்கு இங்கிலாந்து ஆஸ்பத்திரி விவரமெல்லாம் அத்துப்படி. அங்கே நர்ஸாக இருக்கும் மகள் செல்வலட்சுமிக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு அங்கே ஒரு காசுகூட வாங்கமாட்டார்கள். ஆனால் முறை வர ஏழு மாதம் ஆகும். கோட்டயத்துத் தனியார் ஆஸ்பத்திரியிலோ எழுபதாயிரம் கேட்கிறார்கள், ஒரே வாரத்தில் முடித்துவிடுவார்கள்.

“வெளிநாட்டுல இருக்கிறவளுக்கு இங்கத்த கவர்மெண்டு வைத்தியக் கார்டும் செல்லாது. சும்மா கெடைக்கிறத விட்டுப்புட்டு ப்ளேன் ஏறி வருவாளாக்கும்?” என்றார் கணவர் கருத்தப்பாண்டி.

“அதுக்காக ஏழு மாசம் வலியில துடிச்சுக்கிட்டுக் கெடக்கணுமா?” என்று எரிந்து விழுந்தாள் வேலுத்தாய். உள்ளே இருந்தது வேறு. மகளைப் பார்த்து நாலு வருஷம். அந்த நாட்டு வரிசை நகராமலே கிடக்கட்டும், அப்போதாவது மகள் இங்கே வருவாள் என்று அவள் சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பெற்றவள் கேட்கிற வரமா இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை.

போன மாதம் மகள் மசிந்தாள். “வர்றேம்மா, லீவு கேட்டிருக்கேன்.” அவ்வளவுதான், வேலுத்தாய்க்குக் கால் தரையில் பாவவில்லை. சூப்பர்வைசர் பிஜுவிடம் பத்து நாள் லீவு சொன்னாள். பாய், போர்வை, பிளாஸ்க், கஞ்சி ஆற்ற இரண்டு தம்ளர் என்று பை கட்டினாள். இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் கூட நிற்க ஆள் இல்லாமல் சேர்க்கமாட்டார்கள். அந்த ஆளுக்கு பைஸ்டாண்டர் என்று பேர். ஒன்பது வயதில் செல்வலட்சுமிக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, பதினோரு நாள் கட்டிலுக்கடியில் பாய் விரித்துக் கிடந்தவள் வேலுத்தாய். தூக்கத்தில் மகளின் கை கீழே இறங்கி, அம்மா இருக்கிறாளா என்று தடவிப் பார்க்கும்.

செவ்வாய்க்கிழமை, தேயிலைக் காட்டில் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது.

“யம்மா, ஆபரேஷனுக்கு யாரோ வரலையாம். அந்த எடம் எனக்குக் கெடச்சிருச்சு. வியாழக்கிழமையே முடிஞ்சிரும். அங்க வர வேண்டியதே இல்ல!”

“நல்லதாப் போச்சு தாயி,” என்றாள் வேலுத்தாய். அதுவும் பொய்யில்லை. “கூட நிக்க யாரு இருக்கா?”

“இங்க பைஸ்டாண்டரே வேணாம்மா. எல்லாம் நர்ஸுங்களே பாத்துக்குவாங்க.”

எல்லாம் கிடைக்கிற நாட்டில் தனக்கு மட்டும் வேலை இல்லை என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. போனை மடியில் செருகிக்கொண்டு பிஜுவிடம் போனாள்.

“சாரே, மக வரல. அந்தப் பத்து நாள் லீவ கேன்சல் பண்ணிருங்க. வியாழக்கிழமை மட்டும் லீவு குடுங்க.”

“அன்னைக்கு என்ன?”

“எம்மகளுக்கு ஆபரேஷன் சாரே. கூட நிக்கணும்.”